நியூயார்க் சப்வே: முதல்முறை ஏறுகிறவர்களுக்கு

நியூயார்க் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் சொல்வது, டாக்சிக் கணக்கை ஓரம் வையுங்கள் என்பதுதான். நகரின் மையமான மன்ஹாட்டனில் பகல் நேரத்தில் கார் நகராது, மீட்டர் மட்டும் நகரும். சப்வே என்கிற சுரங்க ரயிலில் 3 டாலர் கொடுத்தால் நகரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்விடலாம். தூரத்துக்குத் தகுந்த கட்டணம் கிடையாது. 472 நிலையங்கள் உண்டு, ராத்திரி பகல் என்று பார்க்காமல் 24 மணி நேரமும் ரயில் ஓடும்.

ஆனால் சென்னை மெட்ரோவிலோ சிங்கப்பூர் எம்.ஆர்.டி.யிலோ பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. அங்கே ஒரு தடத்தில் வருகிற ரயில் எல்லா நிலையத்திலும் நிற்கும், கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம். இங்கே ஒரே பிளாட்பாரத்துக்கு மூன்று நான்கு விதமான ரயில்கள் வரும். சில நிற்கும், சில நிற்காமல் ஓடும். பகலில் ஒரு மாதிரி, நள்ளிரவில் ஒரு மாதிரி, சனி ஞாயிறு வேறு மாதிரி. வரலாறும் ஒரு காரணம். 1904-இல் முதல் தடம் திறந்தது. அதன் பிறகு இரண்டு தனியார் கம்பெனிகளும் நகராட்சியும் ஆளுக்கொரு பக்கம் தோண்டின. 1940-இல்தான் எல்லாம் ஒரே கைக்கு வந்தன. எண் போட்ட ரயில்கள் ஒரு கம்பெனியின் பழைய தடங்களில் ஓடுகின்றன, எழுத்து போட்டவை மற்ற இரண்டின் தடங்களில். எண் ரயில்களின் பெட்டி இன்றைக்கும் கொஞ்சம் ஒடுக்கமாக இருப்பதைக் கவனித்தால் தெரியும். அந்தக் காலச் சுரங்கத்தின் அகலம் அவ்வளவுதான்.

அதனால் வரைபடத்தை மனப்பாடம் செய்ய முயல வேண்டாம். ஒவ்வொரு முறை ஏறும்போதும் நான்கு விஷயம் தெரிந்தால் போதும்: எந்த எண் அல்லது எழுத்து, எந்தத் திசை, லோக்கலா எக்ஸ்பிரஸா, இந்த நேரத்தில் அது ஓடுகிறதா. இங்கே தொலைந்துபோகிறவர்கள் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றைப் பார்க்காமல் விட்டவர்கள்தான்.

முதலில் காசு

மெட்ரோகார்டு வாங்குங்கள், தேய்த்துவிட்டு உள்ளே போங்கள் என்று எழுதியிருக்கும் பழைய குறிப்புகளை ஒதுக்கிவிடுங்கள். அந்த மஞ்சள் அட்டையின் விற்பனை 2025 டிசம்பரோடு நின்றுவிட்டது. இப்போது இருப்பது ஓம்னி. கையில் இருக்கிற கிரெடிட் கார்டையோ டெபிட் கார்டையோ போனையோ கேட்டில் இருக்கும் சிறிய திரையில் காட்ட வேண்டும். பச்சை நிறத்தில் ‘கோ’ என்று வந்ததும் தள்ளிக்கொண்டு உள்ளே போக வேண்டியதுதான். வெளியே வரும்போது எதையும் காட்டத் தேவையில்லை.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் ஊரிலேயே ஒரு வேலையை முடித்துவிடுங்கள். நம் வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடும், தொடாமல் காசு கட்டும் வசதியும் பொதுவாக அணைத்துத்தான் வைக்கப்பட்டிருக்கும். வங்கியின் செயலியில் போய் இரண்டையும் திறந்துவிட்டுக் கிளம்புங்கள். கேட்டில் நின்றுகொண்டு, பின்னால் வரிசை பெருமூச்சு விட, ஓ.டி.பி.க்குக் காத்திருக்கும் கொடுமை வேண்டாம். கார்டு எடுபடவில்லை என்றாலோ, ஒவ்வொரு பயணத்துக்கும் வங்கி பிடிக்கும் மாற்றுக் கட்டணம் உறுத்தினாலோ, நிலையத்தில் இருக்கும் இயந்திரத்தில் ஓம்னி கார்டு வாங்கலாம். ரொக்கமும் போடலாம். கார்டுக்கென்று தனியாக ஒரு சிறு தொகை போகும்.

2026 ஜனவரியிலிருந்து ஒரு பயணம் 3 டாலர். ஒரே கார்டைத் தொடர்ந்து காட்டினால் 7 நாளில் 35 டாலருக்கு மேல் கழியாது, அதற்கப்புறம் வருவதெல்லாம் இலவசம். இதற்காக எங்கும் பதிவு செய்ய வேண்டாம், தானாகவே நடக்கும். ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. அதே வங்கிக் கார்டுதான் என்றாலும், பிளாஸ்டிக்காகக் காட்டினால் ஒரு கணக்கு, போனுக்குள் ஏற்றிக் காட்டினால் வேறு கணக்கு. முதல் நாள் எதைக் காட்டினீர்களோ அதையே கடைசி வரை காட்டுங்கள். குடும்பமாகப் போனால் ஆளுக்கொரு கார்டு வைத்துக்கொள்வது நல்லது. அப்பா ஒருவரே எல்லோருக்கும் சேர்த்துக் காட்டிக்கொண்டிருந்தால் மற்றவர்களுக்கு அந்த வாரச் சலுகை சேராது. 44 அங்குலத்துக்குக் குறைவான குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை, பெரியவர் ஒருவரோடு மூன்று பேர் வரை போகலாம்.

சப்வேயிலிருந்து இறங்கி இரண்டு மணி நேரத்துக்குள் சாதாரண நகரப் பேருந்தில் ஏறினாலும் தனிக் காசு கிடையாது. அதே கார்டைத்தான் காட்ட வேண்டும்.

விமான நிலையத்திலிருந்து

ஜே.எஃப்.கே.யில் இறங்கினால் டெர்மினலிலிருந்து ஏர்டிரெயின் என்ற தனி ரயில். டெர்மினல்களுக்குள் சுற்றும்வரை அது இலவசம். ஜமைக்கா நிலையத்திலோ ஹோவர்ட் பீச் நிலையத்திலோ வெளியேறும்போது 8 டாலருக்கு மேல் வாங்குவார்கள், அதற்கும் அதே கார்டைக் காட்டலாம். சப்வே காசு தனி.

மன்ஹாட்டன் நடுப்பகுதிக்குப் போகிறவர்கள் ஜமைக்கா போய் ஈ ரயிலைப் பிடியுங்கள். அது கிளம்பும் இடம் அதற்கு ஒரு நிலையம் முன்னால்தான், அதனால் பெட்டியோடு உட்கார இடம் கிடைக்கும். அங்கே ஜே ரயிலும் உண்டு, அது கீழ்த்தளத்தில் வரும். அதுவும் மன்ஹாட்டன் போகும், ஆனால் சுற்றிக்கொண்டு தென்கோடிக்குப் போகும்.

புரூக்ளின் பக்கமோ மன்ஹாட்டனின் தென்பகுதிக்கோ என்றால் ஹோவர்ட் பீச், ஏ ரயில். வரும்போது இதில் குழப்பமில்லை. ஊருக்குத் திரும்பும்போதுதான் சிக்கல். ஏ ரயில் நகரின் கிழக்குப் பகுதியான குயின்ஸில் போய்ப் பிரியும். முகப்பில் ‘ஃபார் ராக்கவே’ அல்லது ‘ராக்கவே பார்க்’ என்று போட்டிருந்தால் ஹோவர்ட் பீச் வழியாகப் போகும். ‘லெஃபர்ட்ஸ் புலவார்ட்’ என்று இருந்தால் போகாது. விமானத்தைப் பிடிக்கும் அவசரத்தில் ஏ என்ற எழுத்தை மட்டும் பார்த்து ஏறிவிடாதீர்கள்.

லகார்டியாவில் இறங்குகிறவர்களுக்கு கியூ 70 பேருந்து இருக்கிறது, அது முழுக்க இலவசம். ஜாக்சன் ஹைட்ஸில் கொண்டுவந்து விடும், அங்கே ஐந்து ரயில்கள் கிடைக்கும். நெவார்க் விமான நிலையத்துக்கு சப்வே கிடையாது, அது நியூ ஜெர்சி ரயிலின் கணக்கு.

பயணப் பெட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த நிலையங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கில்தான் லிஃப்ட் இருக்கிறது. மற்றவற்றில் படிதான், அதுவும் குறுகலான பழைய படி. தங்கும் விடுதிக்குப் பக்கத்து நிலையத்துக்கு வரைபடத்தில் சக்கர நாற்காலிக் குறி இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். வயதான அப்பா அம்மாவோடு, ஆளுக்கு இரண்டு 23 கிலோ பெட்டியோடு வருகிறவர்களுக்கு நான் டாக்சியைத்தான் சொல்வேன். சிக்கனத்துக்கும் ஒரு எல்லை உண்டு.

படியில் இறங்கும் முன்

பாதிச் சிக்கல் தெருவிலேயே தீர்ந்துவிடும். மன்ஹாட்டனில் வடக்கே போவது அப்டவுன், தெரு எண் ஏறிக்கொண்டே போகும். தெற்கே போவது டவுன்டவுன், எண் இறங்கும், அதைத் தாண்டினால் புரூக்ளின். நீங்கள் நிற்பது 34ஆம் தெரு, போக வேண்டியது 86 என்றால் அப்டவுன். அவ்வளவுதான்.

பெரிய நிலையங்களில் உள்ளே போன பிறகு பக்கம் மாறிக்கொள்ளலாம். சிறிய நிலையங்களில் முடியாது. லெக்ஸிங்டன் அவென்யூ பக்கம் இந்திய மளிகைக் கடைகளும் தோசைக் கடைகளும் இருக்கும் இடத்துக்கு 6ஆம் எண் ரயிலில் 28ஆம் தெருவில் இறங்குவார்கள். அந்த நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சாலையின் இரண்டு ஓரத்திலும் படி இருக்கும், இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனால் கிழக்கு ஓரத்துப் படி அப்டவுனுக்கு, மேற்கு ஓரத்துப் படி டவுன்டவுனுக்கு. கீழே இரண்டுக்கும் நடுவில் நான்கு தண்டவாளம், கடந்துபோக வழியில்லை. சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது வெளியே ஏறி வந்த படியிலேயே மறுபடி இறங்கினால் தப்பான பக்கம்தான். அமெரிக்காவில் சாலையிலும் தண்டவாளத்திலும் வலப்பக்கம்தான் போக்குவரத்து, அதனால் வடக்கே போகும் ரயில் கிழக்கு ஓரமாக வரும். திசை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. படிக்கு மேலே இருக்கும் கறுப்புப் பலகையில் ரயிலின் எண்ணும் ‘அப்டவுன்’ அல்லது ‘டவுன்டவுன்’ என்ற சொல்லும் இருக்கும். கார்டைக் காட்டும் முன் அதைப் படியுங்கள்.

தப்பான பக்கம் நுழைந்துவிட்டால் வெளியே வந்து மறுபடி 3 டாலர் கட்டாதீர்கள். வந்த ரயிலில் ஏறி, அடுத்த பெரிய நிலையம் வரை போய், உள்ளேயே பக்கம் மாறித் திரும்புங்கள். பத்து நிமிடம் போகும், காசு போகாது.

முகவரி கேட்கும்போது நிலையத்தின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். மன்ஹாட்டனில் 23ஆம் தெரு என்ற பெயரில் ஐந்து தனித்தனி நிலையங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் வேறு அவென்யூவில். “23ஆம் தெரு, 1ஆம் எண் ரயில்” என்று சேர்த்துச் சொன்னால்தான் அது முகவரி.

லோக்கலா, எக்ஸ்பிரஸா

உலகில் பல சுரங்க ரயில்களில் இல்லாத வசதி இது. முக்கியமான தடங்களில் நான்கு தண்டவாளம்: நடுவில் இரண்டு எக்ஸ்பிரஸுக்கு, ஓரத்தில் இரண்டு லோக்கலுக்கு. எக்ஸ்பிரஸ் நிற்கும் நிலையங்களில் ஒரே பிளாட்பாரத்தின் ஒரு பக்கம் லோக்கல் வரும், மறு பக்கம் எக்ஸ்பிரஸ் வரும். எது முதலில் வருகிறதோ அதில் ஏறுவது நம் ஊர்ப் பழக்கம். இங்கே அதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். நிலையம் 81ஆம் தெரு, பி, சி ரயில்கள் நிற்கும். நீங்கள் 42ஆம் தெரு போர்ட் அத்தாரிட்டியில் அப்டவுன் பிளாட்பாரத்தில் நிற்கிறீர்கள். நீல வட்டத்தில் ஏ வருகிறது. சியும் நீலம்தான், திசையும் சரிதான், ஏறிவிடுகிறீர்கள். 59ஆம் தெருவில் நிற்கும். அதன் பிறகு கதவு மூடினால் அடுத்தது 125ஆம் தெரு, ஹார்லெம். 81 உங்கள் கண்ணெதிரே ஓடி மறையும். 59இலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தாண்டி இறங்கித் திரும்ப வேண்டும். சரி, விடுமுறைதானே என்று இருந்தால் பெரிய நஷ்டமில்லை. ஹார்லெமும் பார்க்க வேண்டிய இடம்தான்.

வரைபடத்தில் இதற்குக் குறி உண்டு. கறுப்புப் புள்ளி போட்ட நிலையத்தில் லோக்கல் மட்டும் நிற்கும், வெள்ளைப் புள்ளியில் இரண்டும். 6, 7 போன்ற ரயில்களில் எண் வட்டத்துக்குள் இருந்தால் லோக்கல், சாய்சதுரத்துக்குள் இருந்தால் எக்ஸ்பிரஸ். சந்தேகம் வந்தால் லோக்கலில் ஏறுங்கள். மெதுவாகப் போகும், ஆனால் உங்கள் நிலையத்தைத் தாண்டிப் போகாது.

நிறத்தை நம்பாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மன்ஹாட்டனில் எந்த அவென்யூவுக்குக் கீழே ஓடுகிறது என்பதைத்தான் நிறம் சொல்லும், எங்கே போகிறது என்பதை அல்ல. 1, 2, 3 மூன்றும் சிவப்பு. சுதந்திர தேவி சிலைக்குப் படகு ஏறும் இடத்துக்கு 1 போகும், தென்கோடியில் சவுத் ஃபெர்ரி என்ற நிலையம். 2-உம் 3-உம் அதற்கு முன்பே பிரிந்து ஆற்றுக்கு அடியில் புரூக்ளின் போய்விடும். உள்ளூர்க்காரரிடம் ‘ரெட் லைன்’ என்று கேட்டால் ஒரு கணம் விழிப்பார். எண்ணைச் சொல்லுங்கள்.

ராத்திரியும் வார இறுதியும்

24 மணி நேரம் ஓடும் என்றால் எல்லா ரயிலும் ஓடும் என்று பொருளல்ல. பி ரயில் வாரநாட்களில் மட்டும், அதுவும் நள்ளிரவுக்கு முன்பே நின்றுவிடும். சி ராத்திரியில் தூங்கப் போய்விடும், அப்போது ஏ ரயில் லோக்கலாக மாறி எல்லா நிலையத்திலும் நிற்கும். ஆக, பகலில் உங்களை ஹார்லெமுக்குக் கடத்திய அதே ஏ, நள்ளிரவில் சமர்த்தாக 81-இல் இறக்கிவிடும்.

இரவில் மூடி வைத்து வேலை பார்க்கும் வழக்கம் இங்கே இல்லை, ஓடும் தடத்தில்தான் பராமரிப்பும் நடக்கிறது. அதன் சுமை பெரும்பாலும் வார இறுதியில் விழும். சனிக்கிழமை காலையில் கிளம்பும் முன், சப்வேயை நடத்தும் அமைப்பான எம்.டி.ஏ.வின் செயலியைத் திறந்து பாருங்கள். இதை மட்டும் சோம்பலில் விடாதீர்கள். தூண்களில் ஒட்டியிருக்கும் அறிவிப்புத் தாள்களும் கவனத்துக்குரியவை. பெட்டிக்குள் கரகரவென்று ஏதோ அறிவிப்பு வந்து, பாதிப் பேர் முகம் சுளித்தபடி எழுந்தால் வழி மாறுகிறது என்று பொருள். பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். நியூயார்க்காரர்கள் சிரிக்க மாட்டார்கள், ஆனால் வழி கேட்டால் நின்று சொல்வார்கள், சமயத்தில் இருவர் சேர்ந்து எது குறுக்கு வழி என்று உங்கள் முன்னாலேயே சண்டை போடுவார்கள்.

பாதுகாப்பு பற்றிக் கேட்காதவர்களே இல்லை. பகலிலும் மாலையிலும் கூட்டமிருக்கும் வேளைகளில் சாதாரண நகர எச்சரிக்கை போதும். ரயில் வரும்வரை மஞ்சள் பட்டைக்கு நன்றாகப் பின்னால், முடிந்தால் சுவரோரம் நில்லுங்கள். போன் தண்டவாளத்தில் விழுந்தால் இறங்கவே இறங்காதீர்கள், மூன்றாவது தண்டவாளத்தில் மின்சாரம் ஓடுகிறது. நிலைய ஊழியரிடமோ போலீஸிடமோ சொல்லுங்கள், எடுத்துத் தருவார்கள்.

இரவு நேரத்தில் பிளாட்பாரத்தின் நடுப்பகுதிக்கு வந்துவிடுங்கள். அங்கே கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட ஒரு பலகை தொங்கும். ரயில் நின்றதும் நடுப்பெட்டி ஜன்னலிலிருந்து கண்டக்டர் தலையை நீட்டி, அந்தப் பலகையைச் சுட்டுவிரலால் காட்டுவார். ரயில் சரியான இடத்தில் நின்றிருக்கிறது, கதவைத் திறக்கலாம் என்று உறுதிசெய்யும் முறை அது. ஒவ்வொரு நிலையத்திலும் தவறாமல் செய்வார். நமக்கு இதில் என்ன லாபம் என்றால், அந்தப் பலகைக்குக் கீழே நின்றால் சீருடை போட்ட ஒருவர் கையெட்டும் தூரத்தில் வந்து நிற்பார். “இது 81இல் நிற்குமா?” என்று கேட்டுவிட்டு ஏறலாம்.

பெட்டிக்குள்

இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டுக் கதவோரம் ஒதுங்கி நின்று, பிறகு ஏறுங்கள். முதுகுப் பையைக் கழற்றிக் காலடியில் வையுங்கள். கதவருகே தூணாக நிற்காமல் உள்ளே நகருங்கள். மற்றபடி பேசலாம், தமிழில் சத்தமாகவே பேசலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

கூட்ட நேரத்தில் மற்ற பெட்டிகள் பிதுங்க, ஒன்று மட்டும் காலியாக வந்து நின்றால் ஓடிப்போய் ஏறாதீர்கள். ஏ.சி. வேலை செய்யாது, அல்லது மூக்கைப் பிடிக்க வைக்கும் ஏதோ ஒன்று உள்ளே இருக்கும். அதற்காக ஓடும் ரயிலில் பெட்டிவிட்டுப் பெட்டி தாண்டக் கூடாது, அபராதம் உண்டு. அடுத்த நிலையத்தில் இறங்கி மாறுங்கள். கோடையில் பிளாட்பாரம் அடுப்பாகக் கொதிக்கும், பெட்டிக்குள் ஏ.சி. நடுங்க வைக்கும். ஒரு மெல்லிய மேல்சட்டை பையில் இருக்கட்டும்.

நடுவில் சில இளைஞர்கள் பாட்டைப் போட்டு, கம்பியைப் பிடித்துத் தலைகீழாகச் சுழல்வார்கள். ரசித்தால் ஒரு டாலர், இல்லையென்றால் போனைப் பார்த்துக்கொண்டிருங்கள், இரண்டும் இங்கே நாகரிகம்தான். கழிப்பறையை நம்பி ஏறாதீர்கள், மிகச் சில நிலையங்களில்தான் உண்டு. போன் சிக்னல் நிலையங்களில் கிடைக்கும், சுரங்கத்துக்குள் பெரும்பாலும் போய்விடும், அதனால் வழியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழகிப் பார்க்க ஒரு பயணம்

முதல் நாளே டைம்ஸ் ஸ்கொயரிலிருந்து 7ஆம் எண் ரயிலில் ஃபிளஷிங் வரை போய்வரச் சொல்வேன். ஏறும்போது ஃபிளஷிங் திசைதானா என்று மட்டும் பாருங்கள். வட்டமோ சாய்சதுரமோ, லோக்கலோ எக்ஸ்பிரஸோ, இரண்டும் கடைசியில் அங்கேதான் போகும், அதனால் தவறவே முடியாது. ஆற்றைத் தாண்டிக் குயின்ஸுக்குள் போனதும் சுரங்கத்தைவிட்டு மேம்பாலத்தில் ஏறிவிடும், ஜன்னல் வழியே மன்ஹாட்டன் கட்டட வரிசை பின்வாங்கிக்கொண்டே போவது தெரியும். மெட்ஸ் வில்லெட்ஸ் பாயின்ட் நிலையத்தில் பேஸ்பால் ஆட்டமோ யு.எஸ். ஓபன் டென்னிஸோ இருக்கும் நாளில் கூட்டம் நெரியும், அன்றைக்கு மட்டும் தவிர்க்கலாம்.

கடைசி நிலையம் மெயின் ஸ்ட்ரீட். வெளியே வந்தால் சீனக் கடைத்தெரு. அங்கிருந்து சுமார் இருபது நிமிட நடையில் பௌன் தெருவில் மகா வல்லப கணபதி கோயில் இருக்கிறது, 1977-இல் குடமுழுக்கு நடந்தது. அதன் அடித்தளத்து உணவகத்தில் தோசையும் காபியும் கிடைக்கும், போகும் முன் திறந்திருக்கும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது திசைக் குழப்பமே கிடையாது. ஃபிளஷிங்கிலிருந்து கிளம்பும் 7 எல்லாம் மன்ஹாட்டனுக்குத்தான், பிளாட்பாரத்தில் எது முதலில் கிளம்பும் என்று பலகையில் போட்டிருக்கும், அதில் ஏறிக்கொள்ளுங்கள்.